அனைவருக்கும் வாசல் திறக்கும் இணையதளம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் துறையின் மாணவர் மன்ற விழாவையொட்டி நாங்கள் மூவர் சேர்ந்து ஓர் இணையப் பக்கம் அமைத்தோம். விழா நிகழ்ச்சிகளை அறிவிப்பதும், போட்டிகளில் கலந்துகொள்ள விரும்பும் பிற துறை மாணவர்கள் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வழி செய்வதும் அதன் நோக்கம். முகப்பில் மலைக்கோட்டையின் படம் தோன்றி மெல்ல நகர்ந்து மறையும். அதன்பின் ஸ்ரீரங்கத்து இராசகோபுரம் வரும். அதன்பின் காவிரிப் பாலம். பொத்தான்கள் யாவும் படங்களாகவே அமைந்திருந்தன. ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்ட ஆசிரியர்களும் நண்பர்களும் பாராட்டினர். எங்களுக்கும் பெருமிதம் தாங்கவில்லை.

நம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறார். பிறவியிலேயே பார்வையற்றவர். சத்திரம் பேருந்து நிலையத்தில் அன்றாடம் சந்திப்பதால் எனக்கு அண்ணன் போன்றவர். கவிதைப் போட்டியில் அவர் கலந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவலில் பக்கத்தின் முகவரியை அவருக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் பேருந்துக்காக நிற்கையில் தம் கைப்பேசியை என் காதருகே பிடித்தார். அது பேசியது: "இணைப்பு, படம், ஐ எம் ஜி இரண்டு பூஜ்யம் நான்கு ஏழு. இணைப்பு, படம், ஐ எம் ஜி இரண்டு பூஜ்யம் நான்கு எட்டு. இணைப்பு, இங்கே சொடுக்கவும். இணைப்பு, இங்கே சொடுக்கவும்." பதிவுப் பொத்தானைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"வீட்டை நல்லாத்தான் கட்டியிருக்கே தம்பி. வாசல் வைக்கத்தான் மறந்துட்டே" என்று சிரித்தார். பிறகு, "நான் பேரு குடுக்கணும்னா உன்னைத்தான் கூப்பிடணும். அப்புறம் இந்தப் பக்கம் எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. உடற்குறை உடையோரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தத்தக்க இணையதளத்தை எங்ஙனம் அமைப்பது என்பதை, யான் செய்த பிழைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, உடன் பயிலும் நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

காதால் படிக்கும் முறை

பார்வையற்றோர் கணிப்பொறியையும் கைப்பேசியையும் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். திரையில் உள்ளவற்றைப் படித்துக் குரலாகத் தரும் மென்பொருளுக்குத் திரைபடிப்பான் என்று பெயர். ஆண்டிராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் அது வழங்கப்படுகிறது. விண்டோஸ் கணிப்பொறிகளில் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் பெரிதும் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதனை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒரு கருவியை எவரும் விலையின்றிப் பெறும்படி செய்த பெருமை அவர்களுக்கு உரியது.

திரைபடிப்பானுக்குக் கண் இல்லை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். அது படிப்பது திரையின் தோற்றத்தை அன்று. அத்தோற்றத்தின் பின்னே நாம் எழுதியுள்ள எச்.டி.எம்.எல். குறிகளையே. ஓர் எழுத்து பெரிதாகவும் தடிப்பாகவும் இருப்பதால் அது தலைப்பு என்று நம் கண் உணர்ந்துகொள்ளும். ஆனால் தலைப்புக்கு உரிய குறியை இட்டிருந்தாலன்றித் திரைபடிப்பான் அதைத் தலைப்பென்று அறியாது. ஒரு பெட்டிக்கு வண்ணம் பூசிப் பொத்தான் போலக் காட்டலாம். பொத்தானுக்கு உரிய குறி இல்லையேல் அது பொத்தான் ஆகாது. விசைப்பலகையால் அதை அடையவும் இயலாது. எங்கள் பதிவுப் பொத்தான் ஊமையாக இருந்ததன் காரணம் இதுவே.

படங்களின் நிலையும் அவ்வாறே. ஒவ்வொரு படத்திற்கும் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரியில் எழுதி வைக்க 'ஆல்ட்' என்னும் இடம் எச்.டி.எம்.எல். மொழியில் உண்டு. அதை நாங்கள் வெறுமையாகக்கூட விடவில்லை. அடியோடு எழுதாமல் விட்டுவிட்டோம். எனவேதான் திரைபடிப்பான், ஒளிப்படக் கருவி கோப்புக்கு இட்ட எண்ணைப் படித்துக் காட்டியது. "கவிதைப் போட்டிக்குப் பதிவு செய்க" என்று அவ்விடத்தில் எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிராது. வெறும் அழகுக்காக வைக்கும் படமாயின் ஆல்ட் என்பதை எழுதி அதன் மதிப்பை வெறுமையாக விட வேண்டும். அப்போது திரைபடிப்பான் அப்படத்தைத் தாண்டிச் சென்றுவிடும். எது செய்தி, எது அழகு என்று பிரித்தறிவது பக்கத்தை அமைப்பவனின் கடமையாகும்.

ஸ்ரீரங்கத்து வீதிகள் கற்பித்த பாடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனைக் காண ஸ்ரீரங்கம் சென்றேன். கைத்தடியுடன் அவர் முன்னே நடக்க, கண்ணுள்ள நான் பின்தொடர்ந்தேன். வழியை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டேன். ஊரே ஓர் ஒழுங்கில் அமைந்திருப்பதால் கடினம் இல்லை என்றார்.

ஸ்ரீரங்கம் ஏழு திருச்சுற்றுகளைக் கொண்டது என்பது நாம் அறிந்ததே. வெளிப்புறத்தில் அடையவளைந்தான் வீதி; அதன் உள்ளே சித்திரை வீதி; அதற்கும் உள்ளே உத்தர வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு. தெற்கு வாயிலில் நின்று வடக்கு நோக்கி நடந்தால் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் வரும். எத்தனை வாயில் கடந்தோம் என்று எண்ணினாலே எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்பது விளங்கிவிடும். எனவே அவர் ஒவ்வொரு வீட்டையும் தொட்டுத் தடவிப் போக வேண்டியதில்லை.

ஓர் இணையப் பக்கத்தில் தலைப்புகள் இந்தக் கோபுரங்களைப் போன்றவை. எச்.டி.எம்.எல். மொழியில் தலைப்புகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை படிநிலைகள் உள்ளன. என்.வி.டி.ஏ.வில் எச் என்னும் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். 2 என்னும் விசையை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குச் செல்லலாம். கே என்னும் விசை அடுத்த இணைப்புக்கும், எஃப் என்னும் விசை அடுத்த படிவக் கட்டத்துக்கும் கொண்டு சேர்க்கும். தலைப்புகளை ஒழுங்காக இட்ட பக்கத்தில் வேண்டிய இடத்தைச் சில நொடிகளில் அடையலாம். தலைப்பே இல்லாத பக்கத்திலோ, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அனைத்தையும் கேட்டாக வேண்டும்.

இணைப்புகளுக்கு நாம் இடும் பெயர்களிலும் கருத்துச் செலுத்த வேண்டும். பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் வசதி திரைபடிப்பானில் உண்டு. எங்கள் பக்கத்தில் அப்பட்டியலைக் கேட்டபோது "இங்கே சொடுக்கவும்" என்பது ஒன்பது முறை ஒலித்தது. எங்கே, எதற்காகச் சொடுக்குவது? "போட்டி விதிமுறைகள்", "நிகழ்ச்சி நிரல்" என்று பெயரிட்டிருந்தால் அந்தக் குழப்பமே நேர்ந்திராது.

தமிழுக்கே உரிய ஒரு தடை

மேற்கூறியவை எம்மொழிக்கும் பொருந்துவன. தமிழ்ப் பக்கங்களுக்கு வேறொரு தடையும் உண்டு. எங்கள் மன்றத்தின் பழைய அறிக்கை ஒன்றை அச்சகத்தாரிடமிருந்து பெற்று அப்படியே பக்கத்தில் ஏற்றியிருந்தோம். கண்ணுக்கு அது அழகிய தமிழாகத் தோன்றியது. அண்ணனின் கைப்பேசியோ ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியே உச்சரித்தது.

காரணம் எழுத்துருவில் உள்ளது. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தி அமைக்கப்பட்டவை. பாமினியில் 'அ' என்பது உண்மையில் ஆங்கில 'எம்' எழுத்தே. அதன் எண் 109. அவ்வெழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்பனவே. கண் போர்வையைக் காண்கிறது. திரைபடிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறையில், 1991-இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. அதில் 'அ'வுக்கு உரிய எண் 2949. அந்த எண் வேறு எவ்வெழுத்துக்கும் உரியதன்று. தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும், டேஸ்-16 என்னும் குறியீட்டையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் வழங்கி வருகின்றன. ஆகவே அங்கிருந்து வரும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே இணையத்தில் ஏற்ற வேண்டும்.

இன்னும் ஒன்று. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்.டி.எம்.எல். குறியில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் திரைபடிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். இல்லையேல் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முயன்று தடுமாறும். இது ஒரே ஒரு சொல்லை எழுதும் வேலைதான். தாளில் அச்சிட்ட சுற்றறிக்கையைப் படம் பிடித்து ஏற்றுவதும் கூடாது. அப்படம் எவ்வளவு தெளிவாக இருப்பினும் அதில் திரைபடிப்பானுக்கு ஓர் எழுத்தும் இல்லை.

இரவல் கண்ணின் விலை

இவையெல்லாம் சிறு வசதிக்குறைவுகள்தாமே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதற்கு அந்த அண்ணன் கூறிய ஒரு நிகழ்ச்சியே சான்று.

கல்வி உதவித்தொகை ஒன்றுக்கு அவர் இணையத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தின் இறுதியில் கோணல்மாணலாக வரைந்த எழுத்துகளைக் கொண்ட படம் ஒன்று வந்தது. கேப்ட்சா என்னும் அப்படத்தைப் பார்த்து அதே எழுத்துகளை அடித்தால்தான் விண்ணப்பம் ஏற்கப்படும். விண்ணப்பிப்பவர் மனிதரா, இயந்திரமா என்று அறிவதற்கான சோதனை அது. காதால் கேட்டு விடையளிக்கும் மாற்று வழி அங்கே இல்லை. ஆகவே அவர் ஒரு கடைக்குச் சென்றார். கடவுச்சொல், குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு எண், கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண் ஆகிய அனைத்தையும் அக்கம்பக்கத்தார் கேட்கும்படி உரக்கச் சொல்ல, கடைக்காரர் அடித்தார். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறிவிட்டது. பணம் பல மாதங்கள் கழித்தே வந்தது. அதுவரை விடுதிக் கட்டணத்திற்குக் கடன் வாங்கினார்.

"நான் சரியாத்தான் சொன்னேன் தம்பி. அவரு என்ன அடிச்சாருன்னு நான் எப்படிப் பாக்குறது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பழகிப்போன களைப்பே இருந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை நான் வீட்டில் இல்லாத நாள்களில் அடுத்த வீட்டாரிடம் காட்டித்தான் அறிந்துகொள்வார். வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். பிறர் கண்ணை இரவல் வாங்குவோர் தம் இரகசியத்தை விலையாகக் கொடுக்க நேர்கிறது. என் தாயார் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. அந்த அண்ணனோ பட்டப் படிப்பின் இறுதி ஆண்டில் இருப்பவர். பிரெயில் எழுத்திலும் கணிப்பொறியிலும் தேர்ந்தவர். அவர் படிப்பில் குறை ஒன்றும் இல்லை. குறை அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

பார்வை மட்டுமன்று

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறை உடையோர் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களுள் பார்வையற்றோர் ஒரு பகுதியினரே.

செவித்திறன் இல்லாதவர்க்கு எங்கள் பக்கத்தில் இருந்த முதல்வரின் காணொளி உரை வெறும் உதட்டசைவே. அதற்கு எழுத்துரை சேர்த்தல் வேண்டும். கை நடுக்கம் உடையவர்க்கும், மவுஸைப் பிடிக்க இயலாதவர்க்கும் விசைப்பலகை ஒன்றாலேயே எல்லாப் பணியும் முடிய வேண்டும். பொத்தான்கள் மிகச் சிறியனவாக இருத்தலாகாது. குறைந்தது 24 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் வேண்டும் என்பது 2023-இல் வெளிவந்த உலகத் தரவிதி. படிவத்தை நிரப்பச் சில நிமிடங்களே தந்து பின் அனைத்தையும் அழித்துவிடும் பக்கங்கள் உள்ளன. மெல்லப் படிப்பவர்க்கும் மெல்ல அடிப்பவர்க்கும் அக்காலத்தை நீட்டித்துக்கொள்ள வழி இருத்தல் வேண்டும்.

சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர் நம் வகுப்பிலேயே இருக்கக்கூடும். "சிவப்பில் உள்ள கட்டங்களைத் திருத்துக" என்று சொன்னால் அவர் எதைத் திருத்துவார்? பிழை யாது என்பதை எழுத்தாலும் கூற வேண்டும்.

மங்கிய பார்வை உடையவர்க்கு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே போதிய ஒளி வேறுபாடு வேண்டும். அறிவியல் மாணவர்கள் இதைக் கணக்கிட்டே காணலாம். வெண்மையின் ஒளிர்வு 1 என்றும், கருமையின் ஒளிர்வு 0 என்றும் கொள்வர். இரண்டுள் மிகுதியானதோடும் குறைவானதோடும் தனித்தனியே 0.05 கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் எண்ணே வேறுபாட்டு விகிதம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாயின் 1.05-ஐ 0.05-ஆல் வகுக்க 21 வரும். இதுவே உச்ச அளவு. சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். எங்கள் முகப்பில் வெள்ளைப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்து இட்டிருந்தோம். மஞ்சளின் ஒளிர்வு ஏறத்தாழ 0.93. ஆகவே விகிதம் 1.07. வேறுபாடே இல்லை என்பதற்கு இது சற்றே மேல். அழகு என்று நாங்கள் நினைத்தது, கணக்கிட்டபோது பெரும் குறையாய் நின்றது.

விதியும் சட்டமும்

உலகளாவிய வலையை ஆக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1994-இல் தொடங்கிய டபிள்யூ3சி என்னும் அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பிரிவை 1997-இல் ஏற்படுத்தியது. அதன் முதல் வழிகாட்டு விதிகள் 1999-இல் வந்தன. இரண்டாம் பதிப்பு 2008-இல் வந்து, 2018-லும் 2023-லும் விரிவாக்கப்பட்டது. அவ்விதிகளின் சாரம் நான்கு: பக்கத்தில் உள்ளவை ஏதேனும் ஒரு புலனால் உணரத்தக்கனவாதல் வேண்டும், ஏதேனும் ஒரு கருவியால் இயக்கத்தக்கனவாதல் வேண்டும், புரியத்தக்கனவாதல் வேண்டும், பழைய கருவியாயினும் புதிய கருவியாயினும் தளராது நிற்பனவாதல் வேண்டும்.

இவை வெறும் அறிவுரைகள் அல்ல என்பதைச் சிட்னி ஒலிம்பிக் உலகுக்கு உணர்த்தியது. புரூஸ் மகுவயர் என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலியர், ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் இணையதளத்தில் படங்களுக்கு விளக்கம் இல்லை என்று 1999-இல் முறையிட்டார். 2000 ஆகஸ்டில் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் அவருக்குச் சார்பாக முடிவு கூறியது. திருத்தம் முழுமையாகச் செய்யப்படாமையால் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு செலுத்த நேர்ந்தது. நான் எழுதாமல் விட்ட அதே ஆல்ட் வரிகள்தாம் அங்கும் விடுபட்டிருந்தன.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்பதோடு, மின்னணுச் செய்திகளும் அனைவரும் அணுகத்தக்கனவாய் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் முதலிலும், 2018-இலும், 2023-இலும் வெளியிடப்பட்டன. பார்வைக் குறைபாடுடைய இராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய நெறிகள் விரும்பினால் பின்பற்றுவனவாக இருத்தல் போதாது, கட்டாயமானவை வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்த தீர்ப்பு நம் உள்ளத்தைத் தொடுவது. அமிலத் தாக்குதலுக்கு உள்ளாகிக் கண்கள் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்னும் பெண்மணி வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றபோது, உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்கக் கருவியின் முன் கண் சிமிட்ட வேண்டும் என்றனர். அவரால் கண் சிமிட்ட இயலாது. அவருடைய வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர், மின்னணு வசதிகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி 20 கட்டளைகளைப் பிறப்பித்தனர்.

நாம் செய்து பார்க்கத்தக்க சோதனைகள்

சட்டம் அறிந்தோம். இனி நம் கையால் செய்யத்தக்கவற்றைக் காண்போம். பின்வரும் ஐந்து சோதனைகளுக்குச் செலவு ஏதும் இல்லை.

முதலாவது, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் கொண்டு பக்கம் முழுவதும் சென்று பார்க்க. எங்கே நிற்கிறோம் என்பது திரையில் தெரிய வேண்டும். எல்லாப் பொத்தான்களையும் அடைய முடிய வேண்டும்.

இரண்டாவது, என்.வி.டி.ஏ.வை நிறுவித் திரையை அணைத்துவிட்டு, படிவத்தைக் காதால் மட்டுமே கேட்டு நிரப்பிப் பார்க்க. ஒவ்வொரு கட்டத்திலும் "பெயர்", "பதிவு எண்" என்று அதன் பெயர் ஒலிக்க வேண்டும்.

மூன்றாவது, எழுத்தை இருமடங்கு பெரிதாக்கிப் பார்க்க. ஒரு வரி மற்றொன்றின் மேல் ஏறிவிடக் கூடாது.

நான்காவது, பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்க்க. பொருள் எங்கேனும் தொலைந்தால், அங்கே வண்ணத்தை மட்டும் நம்பியிருக்கிறோம் என்று பொருள்.

ஐந்தாவது, காணொளியின் ஒலியை அடக்கிவிட்டுப் பார்த்து, செய்தி விளங்குகிறதா என்று காண்க.

இவற்றோடு, பிழை கண்டுபிடித்துத் தரும் தானியங்கிக் கருவிகளும் உள்ளன. ஆல்ட் வரி இருக்கிறதா என்று அவை சொல்லும். ஆனால் இராசகோபுரத்தின் படத்திற்குக் காவிரிப் பாலம் என்று எழுதியிருந்தாலும் அவற்றிற் பல 'சரி' என்றே கூறிவிடும். ஆகவே இறுதிச் சோதனை, அப்பக்கத்தைப் பயன்படுத்த வேண்டியவரைக் கொண்டே நடைபெறல் வேண்டும். நம் நகரின் புத்தூரில் பார்வையற்ற மாணவியர்க்கென அரசு மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் உள்ளது. கற்றுத் தருவோர் நம் அருகிலேயே இருக்கின்றனர். நாம் சென்று கேட்பதே வேண்டுவது.

எங்கள் பக்கத்தைக் கட்ட இரண்டு வாரங்கள் ஆயின. அதைத் திருத்த மூன்று வாரங்கள் ஆயின. தொடக்கத்திலேயே முறையாகச் செய்திருந்தால் கூடுதலாக ஓரிரு நாள்களே தேவைப்பட்டிருக்கும். கட்டிய சுவரை இடித்து வாசல் வைப்பது எப்போதும் இருமடங்கு வேலை.

முடிவுரை

திருத்திய பக்கத்தில் அண்ணன் தாமே பதிவு செய்தார். யாரையும் அழைக்கவில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்தபோது அவர் பெயர் இரண்டு முறை இருந்தது. ஏனென்று வினவினேன். "பொத்தானை அமுக்கினேன். ஒண்ணும் சொல்லலை. பதிவாகலையோன்னு மறுபடியும் அமுக்கினேன்" என்றார். "உங்கள் பதிவு ஏற்கப்பட்டது" என்னும் செய்தி திரையின் மேற்பகுதியில் பச்சையாய்த் தோன்றியதே தவிர, அதைக் குரலில் அறிவிக்கும் குறியை நாங்கள் இடவில்லை. அன்றிரவே அதையும் சேர்த்தோம். இன்னும் எத்தனை குறைகள் உள்ளனவோ, அவர் போன்றோர் சொல்லச் சொல்லத்தான் தெரியும்.

மலைக்கோட்டைக்குச் செல்ல நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அங்கே பாறை முன்பே இருந்தது. அதை நாம் படைக்கவில்லை. இணையப் பக்கத்தில் அத்தகைய பாறை ஏதும் இல்லை. அதில் ஒருவர்க்குத் தடை இருக்குமாயின், அது நம்மில் ஒருவர் எழுதிய வரியிலோ, எழுதாமல் விட்ட வரியிலோதான் இருக்கிறது.

நாளை நம்மிற் பலர் வங்கிக்கும், மருத்துவமனைக்கும், அரசு அலுவலகத்திற்கும் இணையதளங்கள் அமைக்கப் போகிறோம். அவற்றை நாடி வரும் ஒருவர் தம் கடவுச்சொல்லைக் கடைத்தெருவில் உரக்கச் சொல்ல நேருமா, தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாமே தட்டச்சு செய்வாரா என்பது நம் கையில் உள்ளது. இரக்கத்தினால் அன்று, தொழிலைப் பிழையறச் செய்ய வேண்டும் என்னும் கடமையினாலேயே இதை நாம் மேற்கொள்ள வேண்டும். அடுத்த பக்கத்தை எழுத அமரும் நண்பர்கள், முதல் படத்தை வைக்கும்போதே அதற்குரிய அந்த ஒரு வரியையும் எழுதிவிடுமாறு கேட்டுக்கொண்டு இக்கட்டுரையை முடிக்கிறேன்.